உப்புக்குத் தண்ணி காட்டாதே

வா அப்புனு, அந்தக் கட்டில்ல உக்காரு. கம்ப்யூட்டர் வேலை அலுத்துப் போச்சு, இனிக் கத்தியும் கொடுவாளும் அடிச்சு விக்கப் போறேன்னு கெளம்பியிருக்கியாமா. நெம்ப சந்தோசம். லாரிப் பட்டையை அறுத்து, அடிச்சு, தேச்சுப் பாத்தும் ஆச்சாமா. கரி அடுப்புல பழுக்க வெச்சா மேலெல்லாம் செதில் புடிக்குது, ஒரு பக்கம் வாய் நிக்குது, இன்னொரு பக்கம் மடங்குதுன்னு கண்டுபுடிச்சு, உப்பை உருக்கி அதுக்குள்ள முக்கித்தான் பதம் ஏத்தோணும்னு முடிவுக்கு வந்திருக்கே. வீடியோவுல அமெரிக்காக்காரன் அரை டவுசரோட நின்னு பண்ணறானாமா. அம்மாயி வீட்டுப் பொடக்காலியில எடமும் பாத்தாச்சு.

அப்புச்சி இப்ப வேண்டாம்னு சொல்லுவாருன்னுதான உன்னை அனுப்பியிருக்காங்க? நான் ஏன் சொல்லறேன்? கணபதியில ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில உப்புச் சட்டிக்கு முன்னாடி நின்னே தலை நரைச்சவன் நான். உப்பு தங்கமான சரக்கு. கத்தியை நுனியில இருந்து அடி வரைக்கும் ஒரு எடம் விடாமப் புடிச்சுக்கும். வெறுஞ்சூளைய விட வேகமாச் சூடேறும், எங்க தொட்டாலும் ஒரே சூடு. காத்தே படாததுனால செதில் வராது, இரும்புல இருக்குற கார்பனும் ஓடிப் போவாது. வெளிய தூக்குறப்பக்கூட மேல ஒரு மெல்லிசுத் தோலா ஒட்டிக்கிட்டு, எண்ணெய்த் தொட்டி வரைக்கும் காவலுக்கு வரும். செங்குத்தாத் தொங்க விடறதுனால வளைசலும் கம்மி. இத்தனையும் பண்ணீட்டுச் சத்தமில்லாம, தெளிவா, செவச்செவன்னு நிக்கும்.

அந்தச் செவப்பைப் பாத்து ஏமாந்தவன் எவனும் இல்லை. 800 டிகிரியில தகதகக்குற சட்டியில கையை விடற அளவுக்கு முட்டாள் எங்க பட்டறையில ஒருத்தன்கூடக் கெடையாது. கெட்டது பூராவும் சாதுவாப் பக்கத்துல கெடந்த சாமான்ல இருந்துதான் வந்துது. ஈரக் கொறடு, எண்ணெய்த் துணி, ஒழுகற தகரம், ராத்திரி ஆறிக் கெடந்து வெடியால மறுபடி பத்த வெச்ச சட்டி. அதனால நெருப்பைப் பத்தி உனக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. வீட்ல இருந்து அதுகிட்ட நீ என்னத்தைத் தூக்கீட்டுப் போவேங்கறதைப் பத்தித்தான் பேச்சு.

பொடக்காலி அருமையான எடம். ஒரு பக்கம் தண்ணித் தொட்டி, மறு பக்கம் பாத்திரம் கழுவற கல்லு, தலைக்கு மேல துணி காயப்போடற கம்பி, அதுக்கும் மேல ஓட்டைத் தகரம். ஐப்பசி மழையில பத்த வெச்சா ஊரே வேடிக்கை பாக்கும். தண்ணி ஆவியானா 1700 மடங்கு எடம் கேக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. உப்பு மேல ஒரு சொட்டு விழுந்தா சீறும், நாலு பொறி தெறிக்கும், மூஞ்சிக்குக் கவசம் இருந்தா அதோட போச்சு. அதே சொட்டு கொறட்டு இடுக்குல ஒளிஞ்சு உப்புக்கு உள்ளாற போகட்டும். போக்கிடம் இல்லாத ஆவி, மேல இருக்குற உப்பைப் பூராத் தூக்கிக்கிட்டுத்தான் வெளிய வரும். வர்ற வழியில நிக்கறவன் மேலதான் அது எறங்கும்.

நம்பிக்கை இல்லைன்னா அம்மாயி உனக்குத் திருஷ்டி சுத்திப் போடறப்ப அடுப்புக்குப் பக்கத்துல நில்லு. கல்லுப்பு படபடன்னு வெடிக்குமில்ல? ஊர்க்கண்ணு வெடிக்குதுன்னு அவ சொல்லுவா. அந்தக் கல்லுக்குள்ள மாட்டிக்கிட்ட ஈரந்தான் வெடிக்குது, ஆனா அதை அவகிட்டச் சொல்லிப்போடாதே, சோறு கெடைக்காது. கண்ணுக்கே தெரியாத ஈரம் அத்தனை சத்தம் போடுதுன்னா, நீ வாளியில கழுவி வேட்டியில தொடைச்ச கத்தியை உள்ள விட்டா எத்தனை பேரு கண்ணு வெடிக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்க. அந்தச் சட்டிக்குள்ள போற எந்தச் சாமானும், கத்தியோ கொறடோ தொங்க விடற கம்பியோ புதுசாக் கொட்டற உப்போ, 200, 250 டிகிரியில நல்லாக் காய்ஞ்சுதான் போகோணும். தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துதுன்னு சொல்லாதே. உன்ற விரலு ஈரமானி இல்லை.

ஆகவே பொடக்காலிய அம்மாயிக்கே உட்டுப்போட்டு, அக்கட்டால தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்துல, மூணு பக்கம் காத்து வர்ற மாதிரி, ஒழுகாத கூரையாப் போடு. சிமெண்டுத் தரை வேண்டாம். அதுக்குள்ளயும் ஈரம் இருக்குது, உருகுன உப்பு கொட்டுனா தரையே பேந்து தெறிக்கும். காஞ்ச தீச்செங்கல் பாவி, சட்டிக்கு அடியில மொத்த உப்பையும் புடிக்கற மாதிரி இரும்புத் தட்டம் வையி. சட்டி என்னைக்காவது ஒரு நாள் ஓட்டையாகத்தான் செய்யும். அன்னைக்கு உப்பு எங்க போகோணும்னு இன்னைக்கே நீ முடிவு பண்ணு. நீ பண்ணலைன்னா அது பண்ணிக்கும். கோழிக் கூண்டையும் தள்ளி வையி, கதகதப்பான எடமாப் பாத்து ஏறி உக்காரற பொறப்பு அது.

சரக்கு வாங்கறதுல உன்ற சிக்கனத்தை நான் மெச்சோணும். உப்பு தூத்துக்குடி மூட்டை, பொட்டாஷ் மஞ்சக் காட்டுக்குப் போட்டு மிஞ்சினது, செலவே இல்லைன்னு சொன்னியாமா. கணக்கு என்னவோ சரிதான். சாப்பாட்டு உப்பு தனியா 801 டிகிரியிலதான் உருகும். பொட்டாஷுங்கற பொட்டாசியம் குளோரைடைப் பாதிக்குப் பாதி கலந்தா 660 வாக்குலயே உருகிரும், 800ல வேலை செய்யத் தண்ணியா நிக்கும். ஆனா உப்பளத்து உப்புல மெக்னீசியம் இருக்குது. அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், சூடானா அமிலப் புகை விடும். உரப் பொட்டாஷோட செவப்பு இரும்புத் துரு. கட்டி தட்டாம இருக்க அதுல என்னென்ன தடவியிருக்கான்னு உரக் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும். சுத்தமான சரக்கா, கெமிக்கல் கடையில, மூட்டை மேல பேரு எழுதினதா வாங்கு. ஒரு நல்ல லாரிப் பட்டை வாங்கற காசுதான் எச்சா ஆகும்.

சட்டிக்கு 304, இல்லைன்னா 316 எஸ்.எஸ். பைப்பு, கனமானதா. ஜி.ஐ. பைப்பு மலிவுதான், துத்தநாகப் புகையும் எலவசமாக் கெடைக்கும், ரெண்டு நாள் குளிர்க் காய்ச்சல்ல படுத்துக்கலாம். அடித்தட்டோட வெல்டிங்கை நல்ல வெல்டர்கிட்டக் குடு. உன்ற சிநேகிதன் கேட்டுக்கு வெல்டிங் வெச்சவனாச்சேன்னு அவன்கிட்டப் போகாதே. கேட்டு ஒழுகாது. உப்பும் காத்தும் சந்திக்கற மேல் விளிம்புலதான் பைப்பு மொதல்ல அரிக்கும், அங்கயும் வெல்டிங்கு ஓரத்துலயும் அடிக்கடி தட்டிப் பாரு. வாய் வரைக்கும் நெப்பாதே. கத்தி எறங்கறப்ப உப்பு மேல வரும், ஒரு சாண் எடமாவது விடு.

சூட்டைக் கண்ணால பாத்தே சொல்லுவேன்னு மட்டும் சொல்லாதே, அதைச் சொல்லற வயசு எனக்குத்தான். தெர்மோகப்பிள் வேணும், கன்ட்ரோலர் வேணும். அதுவும் ரெண்டு ஜோடி. ஏன் ரெண்டுன்னா, ஒண்ணு உப்புல அரிச்சுப் போகும், இல்லாட்டி நீயே காலு தட்டி வெளிய இழுத்துப்போடுவே. அப்ப கன்ட்ரோலருக்குச் சட்டி தெரியாது, வெளிக் காத்துத்தான் தெரியும். 35 டிகிரிதான் இருக்குது, இன்னும் எரி எரின்னு அது கேஸைத் தொறந்து விட்டுக்கிட்டே இருக்கும். பாவம், அது சொன்னதைச் செய்யுது. ரெண்டாவது ஜோடி தனியா நின்னு, ஒரு அளவுக்கு மேல போனா கேஸையே அடைக்கோணும். சமையல் சிலிண்டரைத் தூக்கீட்டு வந்து மாட்டற யோசனையும் உனக்கு இருக்குமே, அதையும் விட்டுரு. பட்டறைக்குன்னு சிலிண்டர் தனியாத் தர்றான், அதைச் சட்டிக்கு எட்டாத தூரத்துல வையி.

இனிக் காதைக் குடு. இதுதான் பெரிய வெசயம்.

வேலை முடிஞ்சுது, பர்னரை அணைச்சே, சட்டி ஆறி உப்பு கல்லாப் போச்சு. மக்யா நாளு வந்து அடியில பர்னரைப் பத்த வைப்பே. பானையில அப்படித்தான நாம சோறு ஆக்கறோம்? அடியில இருக்குற உப்பு மொதல்ல உருகும். சாப்பாட்டு உப்பு உருகறப்ப கால் பங்கு பெருக்கும், கலவையும் அதுக்கு நெம்பக் கொறைச்சலில்லை. மேல உப்பு கல்லு மூடியா இறுகிக் கெடக்குது. பெருத்தது எங்க போகும்? அமுங்கி அமுங்கி நிக்கும். நீ வந்து, இன்னும் உருகலையேன்னு எட்டிப் பாப்பே. அந்த நேரத்துலதான் மூடி பிச்சுக்கிட்டு மேல வரும். ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லாமலே இந்த வேலை நடக்கும். உப்பு பொங்கி வந்ததைப் பாத்தவங்கள்ல பாதிப்பேரு அதைச் சாயங்காலம் பாத்ததில்லை, வெடியாலதான் பாத்திருக்காங்க.

அதனால ராத்திரி அணைக்கறப்பவே நாளைக்கு வழி பண்ணி வையி. உப்பு எளகி இருக்குறப்பவே, மேல தடிச்சு அடியில ஒல்லியாப் போற எஸ்.எஸ். கம்பி ஒண்ணை, நல்லாச் சூடு பண்ணி, நடுவால அடி வரைக்கும் எறக்கிரு. உப்பு இறுகினதும் அது நிக்கும். பத்த வைக்கறதுக்கு முன்னாடி அதை உருவி எடு. கூம்பா இருக்குறதுனால தட்டுனா வந்துரும். அடியில இருந்து மேல வரைக்கும் ஒரு தொளை கெடைக்கும், பெருத்த உப்பு அது வழியா ஏறிக்கும். பர்னரையும் அடியில வைக்காதே. மேல் பாதியில, சட்டியைச் சுத்திச் சுத்தி நெருப்பு ஓடற மாதிரி வெச்சு, மேலே இருந்து கீழே உருக்கு. மொதல்ல 150 டிகிரியில கொஞ்ச நேரம் நிறுத்து. ராத்திரி பூரா காத்துல இருந்து குடிச்ச ஈரம் போகட்டும். பொறகுதான் மெள்ள ஏத்து. அந்த நேரம் நீ பக்கத்துல நிக்க வேண்டியதில்லை. எங்கயாவது போயி டீ குடி. பொம்பளைப் புள்ளைக்கிட்டப் போன்ல பேசறதுன்னா அப்பப் பேசு. சட்டி மேல குனிஞ்சு போட்டோ எடுக்கறதை மட்டும் விட்டுரு.

ரெண்டாவது சட்டி ஒண்ணும் வைக்கப் போறேன்னு கேள்விப்பட்டேன். எண்ணெய்க்குப் பதிலா 200, 250 டிகிரியில நைட்ரேட் உப்புல எறக்கினா கத்தி வெடிக்காது, வளையாதுன்னு. உண்மைதான், பெரிய கம்பெனிகள்ல அப்படித்தான் பண்ணறாங்க. பொட்டாசியம் நைட்ரேட்டும் சோடியம் நைட்ரேட்டும் பாதிக்குப் பாதி போட்டா 220 வாக்குல உருகிரும். பாக்கறதுக்குச் சாதுவா, செவக்காமக்கூட நிக்கும். ஆனா அப்புனு, சிவகாசியில கருமருந்துக்குப் போடற வெடியுப்புதான் அதுல பாதி. அந்த உப்புக்குள்ளயே நெருப்புக்கு வேண்டிய ஆக்சிஜன் இருக்குது. கரி, மரத்தூள், எண்ணெய், புகைக்கரி, எது விழுந்தாலும் வெளிக் காத்தைக் கேக்காமயே எரியும். அலுமினியம், மெக்னீசியம் கிட்டயே வரக் கூடாது. 550 டிகிரியத் தாண்ட விட்டா உப்பே கெட்டு, சட்டி இரும்பை அரிக்க ஆரம்பிச்சு, அதுக்கு மேல என்ன பண்ணும்னு சொல்ல முடியாது.

இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டு மூட்டையும் வெள்ளைப் பொடிதான். 800 டிகிரி சட்டியில உப்புக் கொறையுதேன்னு, இருட்டுல, பக்கத்து மூட்டையில இருந்து ஒரு கரண்டி அள்ளிப் போடற ஆளு வேற எங்கயும் இல்லை, உன்ற ஒறம்பரையிலயே இருப்பான். லீவுக்கு வந்து 'நானும் ஒத்தாசை பண்ணறேன் மச்சான்'னு நிப்பான். எண்ணெயில எறக்கின கத்தியை அப்படியே பிசுபிசுன்னு நைட்ரேட்டுல முக்கறவனும் அவன்தான். நைட்ரேட்டுச் சட்டி தீப்புடிச்சா தண்ணி ஊத்தறவனும் அவன்தான். காத்தை அடைச்சு அணைக்கற கேஸும் அங்க வேலைக்கு ஆகாது, உப்பே காத்து குடுக்குதே. காஞ்ச மணலை ரெண்டு வாளி, மூடி போட்டு, சட்டியச் சுத்தி வெளிய கொட்டுனதை அடைக்கறதுக்கு வெச்சுக்க. மத்தபடி எல்லாரையும் வெளிய ஓடச் சொல்லறதுதான் வழி.

என்னைக் கேட்டா ரெண்டாவது சட்டியே இப்ப உனக்கு வேண்டாம். எண்ணெய்த் தொட்டி போதும். அதுக்கு இரும்பு மூடி போட்டு, சட்டியில இருந்து ரெண்டு எட்டு தள்ளி வையி. சயனைடு உப்புன்னு ஒண்ணு இருக்குது, மேல்தோலு மட்டும் கெட்டியாகறதுக்கு. நைட்ரேட்டோட சேந்தா வெடி, அமிலத்தோட சேந்தா வெச வாயு. அதைப் பத்திக் கேக்கவே கேக்காதே. ட்ரில்லு செய்யறவன் பேரியம் குளோரைடு போடுவான், அது உருகவே 962 டிகிரி, வயித்துக்குள்ள போனா ஆளைக் கொல்லும். நமக்கு அந்தச் சூடும் வேண்டாம், அந்தப் பாவமும் வேண்டாம்.

ஊருக்குள்ள விசயம் தெரிஞ்சா ஆளுக வருவாங்க. பிடி மாட்டின கொடுவாளையே தூக்கீட்டு வந்து, 'சும்மா ஒரு முக்கு முக்கிக் குடு மாப்ளே'ன்னு நிப்பாங்க. அந்தப் பிடி மரத்துக்குள்ள எத்தனை வருசத்து வேர்வை இருக்குதுன்னு நெனைச்சுப் பாரு. ரெண்டு பக்கமும் அடைச்ச பைப்பு, உள்ள கூடு இருக்குற எந்தச் சாமானும் உள்ள போகவே கூடாது. அடைபட்ட காத்தும் ஈரமும் உள்ளாற குண்டு மாதிரி நிக்கும். அலுமினியக் கம்பியில தொங்க விட்டா 660லயே உருகிக் கத்தி அடியில போயிரும். இரும்புக் கம்பி, துத்தநாகம் பூசாதது.

உப்பு பழசாகப் பழசாக ஆக்சைடு சேந்து, செதில் வராமக் காப்பாத்தற உப்பே கத்தியோட கார்பனைத் தின்ன ஆரம்பிக்கும். அதுக்கு ஒரு சோதனை இருக்குது. கார்பன் அதிகமா இருக்குற மெல்லிசு எஃகுத் தகடு ஒண்ணை உப்புல கொஞ்ச நேரம் வெச்சு, தண்ணியில முக்கி, வளைச்சுப் பாரு. கண்ணாடி கணக்கா ஒடைஞ்சா உப்பு நல்லா இருக்குது. பல்லைக் காட்டிக்கிட்டு வளைஞ்சா உப்புக்குப் பத்தியம் பாக்கற நேரம் வந்துருச்சு. அந்தத் தண்ணி வாளி சட்டிக்குப் பக்கத்துலயா இருக்கோணும்? இத்தனை நேரம் நான் யாருகிட்டப் பேசினேன்?

தண்ணிக் குழாய் ஒண்ணு தூரமா இருக்கோணுந்தான், அதை மறக்காதே. உப்பு தெறிச்சா தோல்ல ஒட்டி இறுகிக்கும். பிச்சு எடுக்காதே. சட்டியை விட்டு நகந்து போயி, ஓடற தண்ணியில 20 நிமிசம் காட்டீட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. நம்மூட்டுப் பொம்பளைங்க பேனா மையோடவும் தோசை மாவோடவும் ஓடி வருவாங்க. தோசை மாவைத் தோசைக் கல்லுக்கே குடுக்கச் சொல்லு. கண்ணுல பட்டா மைக்கும் மாவுக்கும் அங்க வேலையே இல்லை.

உடுப்பு என்னன்னு கேக்கலையே? லுங்கி, ரப்பர் செருப்பு, பாலியஸ்டர் சட்டை, அந்த அமெரிக்காக்காரனை விட நீ மேலதான். முழுக்கை கனத்த பருத்திச் சட்டை, தோலு ஏப்ரன், தோலு பூட்ஸு, அதுக்கு மேல பேண்ட்டு வெளிய விழற மாதிரி. பூட்ஸுக்குள்ள பேண்ட்டைச் சொருகினா உப்பு உள்ள எறங்கறதுக்கு நீயே வாசல் தொறந்த மாதிரி. மூஞ்சி பூரா மூடற கவசம். கையொறை காஞ்சதா இருக்கோணும், வேர்வையில நனைஞ்ச கையொறை உள்ளயே கையை வேக வெச்சிரும்.

அவ்வளவுதான். நாளைக்கு வெல்டர்கிட்டப் போறப்ப என்னையும் வண்டியில ஏத்திக்க, பேரம் பேசத் தெரியாது உனக்கு. கத்தி எண்ணெயில இருந்து வந்ததும், ஒட்டியிருக்குற உப்பைச் சுடுதண்ணியில கழுவீட்டு அரம் போட்டுப் பாரு. வழுக்கினா பதம் ஏறியிருக்குது, கடிச்சா இல்லை. வழுக்கினதை ஆற விட்டு வைக்காதே, அப்பவே கரண்டு அவன்ல வையி, சமையல் கத்திக்கு 200 டிகிரியில ரெண்டு மணி நேரம். கொடுவாளுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்து, எலும்புல பட்டா வாய் தெறிக்கக் கூடாது. மொதக் கொடுவாள் எனக்கு. மட்டை வெட்டித்தான் பாப்பேன். நல்லா இருந்தா ரெண்டாவதையும் எடுத்துக்குவேன், பில்லு கில்லுன்னு நீட்டிப்போடாதே.